எத்தியோப்பியாவும் சுமத்ராவும் ஒரே மாதிரி ருசிக்காதது ஏன்?

ஸ்பெஷாலிட்டி காபிப் பை ஒன்றை எடுத்துப் பார்த்தால், முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் வட்டாரம் அல்லது பண்ணையின் பெயர், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம், செடியின் ரகம், பழத்தைப் பதப்படுத்திய முறை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். எத்தியோப்பியா என்றால் மல்லிகை வாசம், கென்யா என்றால் பளிச்சென்ற பழப்புளிப்பு, பிரேசில் என்றால் வறுத்த கடலையும் சாக்லேட்டும், சுமத்ரா என்றால் ஈரமண்ணும் மரப்பட்டையும் என்று ஒரு வாய்ப்பாடே உருவாகிவிட்டது. அது முழுப் பொய் அல்ல. ஆனால் அந்தச் சுவை அந்தந்த நாட்டு மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி வந்தது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். ஒரு நாட்டின் பெயருக்குள் குளிர், செடியின் வம்சம், அறுவடை நேரத்து மழை, உலர்த்தும் பழக்கம் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த மூட்டையைப் பிரித்தால்தான் நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், தூள் எவ்வளவு நைசாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். காபி போடுகிறவருக்கு உதவுவது அந்தச் சின்ன எழுத்துதான்.

‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்ற பெயரைக் காபி வணிகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வணிகர் எர்னா நூட்சன். 1974-இல் ஒரு வணிக இதழில் அவர் அதைப் பயன்படுத்தியபோதே, தனித்த நுண்காலநிலை உள்ள இடங்களில் விளைந்து தனித்த சுவை பெற்ற கொட்டை என்பதுதான் அதன் பொருள். பிறகுதான் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் என்ற அளவுகோல் வந்தது. ஆக, இடம் என்பது இந்தத் துறையின் தொடக்கத்திலிருந்தே மையத்தில் இருக்கிறது. அந்த இடம் எந்த வழியாக வேலை செய்கிறது என்பதில்தான் குழப்பம்.

உயரம் என்று சொன்னாலும் உண்மையில் குளிர்

அராபிகா என்ற காபி இனத்துக்குப் பிடித்தது ஆண்டுச் சராசரியாக 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறைகிறது. அதனால்தான் பையில் உயரத்தை அச்சடிக்கிறார்கள். செடிக்கு உயரம் தெரியாது, குளிர்தான் தெரியும். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. விதை நிதானமாக நிரம்புகிறது. கொட்டை அடர்த்தியாகி, சர்க்கரையும் அமிலங்களும் அதில் கூடுதலாகத் தங்குகின்றன. வறுக்கும்போது வாசனையாகவும் இனிப்பின் சாயலாகவும் மாறுகிற கச்சாப்பொருள் இதுதான்.

குவாத்தமாலாவில் சுமார் 1,350 மீட்டருக்கு மேல் விளைந்ததை ‘மிகக் கடினக் கொட்டை’ என்ற தரமாகப் பிரிக்கிறார்கள். ருசி பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் பரவும் முன்பே, கொட்டையின் கடினத்தை வைத்து வணிகம் நடந்திருக்கிறது. வறுக்காத கொட்டையைக் கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். உயரத்தில் விளைந்ததன் நடுக்கோடு இறுக மூடி, கொஞ்சம் வளைந்து ஓடும். தாழ்வான இடத்துக் கொட்டையில் அதே கோடு நேராக, வாய் திறந்து கிடக்கும், நிறமும் வெளிறியிருக்கும். முன்னதை வறுக்கிறவர் தைரியமாக அனல் கொடுக்கலாம். பின்னதில் அதே அனலைக் கொடுத்தால் மேல் கருகி உள்ளே வேகாமல் போகும்.

ஆனால் மீட்டர் எண்ணை நாடு விட்டு நாடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஹவாயின் கோனா கிட்டத்தட்ட 19-20 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சில நூறு மீட்டர் உயரத்திலேயே நல்ல அராபிகா விளைகிறது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஆயிரம் மீட்டரை ஒட்டியே பெரும்பாலான தோட்டங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய கொலம்பியாவின் நரினோ வட்டாரத்திலோ 2,000 மீட்டரைத் தாண்டியும் செடி நிற்கிறது. பகலில் பள்ளத்தாக்கின் அடியில் சூடேறிய காற்று இரவில் மேலே ஏறிவந்து பனிக்கடுப்பிலிருந்து செடியைக் காக்கிறது. எனவே 1,100 மீட்டர் பிரேசில் காபியை 1,900 மீட்டர் கொலம்பியக் காபிக்குப் பக்கத்தில் வைத்து எண் குறைவு, தரம் குறைவு என்று சொல்வது தவறு. ஒரே நாட்டுக்குள், ஒரே மலைச்சரிவில் ஒப்பிட மட்டும்தான் அந்த எண் உதவும்.

மண்ணைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது, நிரூபிக்கப்பட்டதோ குறைவு. எரிமலை மண்ணில் நீர் தேங்காது, ஊட்டமும் நிறைய. அதனால் செடி திடமாக இருக்கும். அதற்கு மேல் ‘எரிமலைச் சுவை’ என்று தனியாக ஒன்றை நாக்கில் தேடுவது விளம்பரத்தை நம்புவதுதான். கென்ய மண்ணில் இருக்கும் பாஸ்பரஸ் அப்படியே பாஸ்பாரிக் அமிலமாகக் கோப்பைக்கு வருகிறது, அந்தப் பளிச்சிடும் புளிப்புக்குக் காரணம் அதுதான் என்று ஒரு கதை காபி வட்டாரங்களில் உலவுகிறது. கென்ய மலைச்சரிவுகளின் சிவப்பு மண், பாஸ்பரஸைச் செடிக்கு எளிதில் விட்டுக்கொடுக்காமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் வகை. கதை அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை.

வம்சம்

எத்தியோப்பியாவுக்கு வெளியே பயிராகும் அராபிகாவில் பெரும்பகுதி, ஏமன் வழியாக வெளியேறிய சில செடிகளின் சந்ததி. டிபிகா, போர்பன் என்ற இரண்டு கிளைகளும் அப்படிப் பிறந்தவை. அராபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி, ஆகவே பல்வகைமை கூடவே இல்லை. தென்மேற்கு எத்தியோப்பியக் காடுகளிலோ அது தாய்வீட்டில் இருக்கிறது. எண்ணற்ற உள்ளூர் வகைகள் அங்கே உண்டு. மலர்வாசம் எத்தியோப்பியக் காபிகளில் அடிக்கடி தலைகாட்டுவதற்கு மண்ணைவிட இதுவே நல்ல விளக்கம். பைகளில் ‘எத்தியோப்பியப் பாரம்பரிய ரகம்’ என்று பொத்தாம் பொதுவாக அச்சடித்திருப்பதைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படலாம். ஜிம்மா வேளாண் ஆராய்ச்சி மையம் காய்நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் செடிகளை 1974-இல் தேர்ந்தெடுத்துக் கொடுத்த 74110, 74112 போன்ற எண் ரகங்கள் அங்கே ஏராளமாகப் பயிராகின்றன. ஐம்பது வருடத் தேர்வைப் பழம்பெரும் ரகமாக விற்பதும் நடக்கிறது.

கென்யாவின் புகழும் இதே போலத்தான். ஸ்காட் ஆய்வுக்கூடத்தில் 1930-களில் தேர்ந்தெடுத்த எஸ்எல்28 என்ற ரகம் வறட்சியைத் தாங்குவதற்காக எடுக்கப்பட்டது; கறுப்புப் பெர்ரிப் பழத்தின் புளிப்பு கூடவே வந்த வரம். கென்யப் பைகளில் ‘ஏஏ’ என்று போட்டிருப்பது சல்லடையில் நின்ற கொட்டையின் அளவைத்தான் குறிக்கிறது, ருசியை அல்ல.

ரகமா இடமா என்ற வாதத்துக்கு கெய்ஷா ரகத்தின் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. 1930-களில் எத்தியோப்பியக் காட்டிலிருந்து விதை எடுக்கப்பட்டு, தான்சானியா வழியாக 1953-இல் கோஸ்டாரிகாவின் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. 1960-களில் இலைத்துரு நோயைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் பனாமா விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். கிளை எளிதில் முறிகிறது, விளைச்சல் குறைவு என்று விவசாயிகளுக்குப் பிடிக்கவில்லை. பல பத்தாண்டுகள் மற்றச் செடிகளோடு கலந்து, யாரும் கவனிக்காமல் நின்றது. பொக்கேத்தே மலைப்பகுதியில் ஹசியெண்டா லா எஸ்மெரால்டா பண்ணையின் பீட்டர்சன் குடும்பத்தார், உயரமான ஒரு துண்டு நிலத்துப் பழங்களைத் தனியாகப் பறித்துத் தனியாகப் பதப்படுத்தி ருசி பார்த்தார்கள். 2004-இல் ‘பெஸ்ட் ஆஃப் பனாமா’ போட்டிக்கு அதை அனுப்பியபோது, இது பனாமா காபிதானா என்று நடுவர்கள் திகைக்கும் அளவுக்கு மல்லிகையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழமும் மணத்தன. அதே வம்சம் தாழ்வான இடத்தில் நின்றிருந்தால் அந்த மணம் இப்படி வெளிப்பட்டிருக்காது. குளிர்ந்த உயரத்தில் நின்றும், கலந்து பறித்த காலம் முழுக்க வெளியே தெரியவில்லை. செடியும் குளிரும் போதாது, பிரித்துப் பறிக்கும் கையும் வேண்டியிருந்தது.

அறுவடையில் மழை பெய்கிறதா?

ஒரு வட்டாரத்தின் சுவையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். காபிப் பழத்தைப் பறித்ததும் ஈரத்தோடு போராட்டம் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் கொட்டையின் ஈரப்பதத்தை 10 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். அதை எப்படிச் செய்வது என்பதை அந்த ஊர் வானம் தீர்மானிக்கிறது.

அறுவடை நேரத்தில் வெயில் காய்கிற இடங்களில் பழத்தை அப்படியே முழுசாகப் பரப்பிக் காயவைத்துவிடலாம். ஏமன், எத்தியோப்பியாவின் கிழக்கிலுள்ள ஹரார், பிரேசிலின் செராடோ சமவெளி எல்லாம் இப்படித்தான். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் வேறு வழியும் இல்லை. வாரக்கணக்கில் கொட்டை தன் சதைக்குள்ளேயே கிடந்து, சர்க்கரை புளிப்பேறி, நேச்சுரல் காபிக்கே உரிய பழவாசமும் கனமும் வந்து சேர்கின்றன. மழை குறுக்கிடும் இடங்களில் இது சூதாட்டம். அங்கே தோலையும் சதையையும் நீக்கி, ஒட்டியிருக்கும் வழவழப்பை நொதிக்கவிட்டுக் கழுவி, கொட்டையை மூடியிருக்கும் மெல்லிய மேலோட்டோடு காயவைக்கிறார்கள். கொலம்பியா, குவாத்தமாலா, கென்யா எல்லாம் இந்த வாஷ்டு வழி. கென்யாவில் கழுவிய பிறகு சுத்தமான நீரில் இன்னொரு முறை ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. மலையோடைத் தண்ணீர் தாராளமாக இருப்பதால் அது சாத்தியமாகிறது. கழுவிய காபியில் பழச்சதையின் தலையீடு குறைவு, ரகத்தின் குரல் தெளிவாகக் கேட்கும். எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே வட்டாரத்தில் இரண்டு முறையும் நடக்கின்றன. ஒரே ஊர்ப் பழத்தைக் கழுவினால் எலுமிச்சையும் மல்லிகையும். முழுசாகக் காயவைத்தால் புளூபெர்ரி ஜாம். நாட்டின் பெயர் இரண்டு பையிலும் ஒன்றுதான்.

சுமத்ராவில் வருஷம் முழுக்க மழை வந்துபோகிறது, காற்றும் கனத்த ஈரம். சிறு விவசாயிகளுக்கு நாள்கணக்கில் காயவைத்துக் காத்திருக்க இடமும் இல்லை, கையில் காசும் இல்லை. அவர்கள் மேலோட்டோடு இருக்கும் கொட்டையை அரைகுறை ஈரத்தோடே விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர், ஈரப்பதம் இன்னும் 30 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போதே மேலோட்டை இயந்திரத்தில் உரித்து, மெத்தென்ற வெறும் கொட்டையைத் தார்ப்பாயில் பரப்புகிறார். கவசம் போய்விட்டதால் சீக்கிரம் காயும். இதற்கு கிலிங் பாசா என்று பெயர். அப்படிக் காய்ந்த கொட்டை நீலம் கலந்த கரும்பச்சையாக இருக்கும். ஈரத்தில் இயந்திரம் நசுக்கியதால் சில கொட்டைகளின் நுனி ஆட்டுக் குளம்பு போலப் பிளந்திருக்கும். கோப்பையில் புளிப்பு அடங்கி, மண்வாசமும் மூலிகைச் சாயலும் எண்ணெய் போன்ற கனமும் மேலோங்கும். உலகம் ‘சுமத்ராவின் சுவை’ என்று நேசிப்பது இதைத்தான். அதே தீவின் பழத்தை முழுமையாகக் கழுவி, மேலோட்டோடு காயவைத்தால் அந்த மண்வாசம் பெருமளவு போய்விடுகிறது. மண்ணின் சுவை என்று எண்ணியது, பெரும்பாலும் அவசரமாக உலர்த்தியதன் சுவை.

பறித்து உலர்த்திய பிறகும் வானிலை விட்டுவைப்பதில்லை. மான்சூன் மலபார் இதற்கு உச்சம். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியக் காபி, கடற்காற்றில் ஈரம் குடித்து ஊதி, வெளிறிப் போய்ச் சேரும். சூயஸ் கால்வாயும் நீராவிக் கப்பலும் பயணத்தைச் சுருக்கிவிட, பழைய மந்தமான சுவை காணாமல் போனது. வாங்கிப் பழகியவர்கள் அதையே கேட்டார்கள். அதனால் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வீசும்படி கொட்டையைப் பரப்பி, வாரக்கணக்கில் புரட்டிப் போட்டு, அந்த விளைவைத் திட்டமிட்டே வரவழைக்கிறார்கள்.

வட்டாரம் குறையையும் சேர்த்தே தருகிறது. ருவாண்டா, புருண்டி காபிகளில் எப்போதாவது ஒரு கொட்டை, அரைத்த மறுநொடியே பச்சை உருளைக்கிழங்கு மணத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும். பழத்தைத் துளைக்கும் அந்தெஸ்தியா என்ற பூச்சியோடு சேர்த்துப் பேசப்படும் கோளாறு இது. ஒரே கொட்டை ஒரு கோப்பையைக் கெடுக்கப் போதும். தூளை முகர்ந்து பார்த்துவிட்டு அந்த வேளைத் தூளை மட்டும் கொட்டிவிடுங்கள். பையில் மீதி இருப்பது பெரும்பாலும் அருமையாகவே இருக்கும்.

இடத்தின் பிடி இப்போது இரண்டு பக்கமும் தளர்கிறது. 2015 உலக பாரிஸ்டா போட்டியில் சாஷா செஸ்டிக், ஒயின் தயாரிப்பிலிருந்து எடுத்த கார்பானிக் மாசரேஷன் முறையில், அதாவது கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய மூடிய தொட்டியில், நொதிக்கவைத்த காபியோடு வென்ற பிறகு, மூடிய தொட்டி நொதிப்பு எங்கும் பரவிவிட்டது. இலவங்கப்பட்டையோ ஸ்ட்ராபெரியோ மணக்கும் காபி, கொலம்பியாவிலிருந்தும் வரலாம், கோஸ்டாரிகாவிலிருந்தும் வரலாம். ருசித்து ஊரைச் சொல்ல முடியாது. சிலருக்கு இதில் உற்சாகம். எனக்கு, எல்லா ஊரையும் ஒரே ஊராக்கும் வேலையாகத்தான் படுகிறது. மறுபக்கம், 2050-க்குள் அராபிகாவுக்கு ஏற்ற நிலப்பரப்பு பாதியாகச் சுருங்கலாம் என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. குளிரைத் தேடிச் செடி மேலே ஏறும். மலைக்கோ உச்சி என்று ஒன்று உண்டு.

கோப்பைக்கு வரும்போது

காபி போடுவதற்கு நாட்டுவாரியாகச் செய்முறை எழுதிவைப்பதில் பயனில்லை. இடம், ரகம், பதப்படுத்திய முறை மூன்றும் கடைசியில் கொட்டையில் இரண்டு குணங்களாக வந்து சேர்கின்றன. ஒன்று, எவ்வளவு எளிதில் கரையும். இன்னொன்று, எவ்வளவு புளிப்பு. இரண்டையும் வறுவல் மாற்றிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. எண்ணெய் கசியும் அளவுக்குக் கருக வறுத்தால் யிர்காசெஃபேவும் ஒன்றுதான், எதுவும் ஒன்றுதான்.

இளவறுவலாக வறுத்த, உயரத்தில் விளைந்த, கழுவிய காபி கரைய அடம்பிடிக்கும். நைசாக அரைத்து, கொதிநிலையை ஒட்டிய நீர் ஊற்றினால்தான் புளிப்புக்கு ஈடான இனிப்பு வெளியே வரும். பாதியில் நின்றுவிட்டால் துவர்ப்பும் வெடுக்கென்ற புளிப்பும் மட்டும் மிஞ்சும். அதைத்தான் பலர் கென்யக் காபி பிடிக்காது என்கிறார்கள். லிட்டர் நீருக்கு 60 கிராம் தூள், 95 டிகிரிக்கு மேல் நீர் என்று தொடங்கலாம். பிரேசில் நேச்சுரல் மென்மையான கொட்டை, பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வறுத்திருப்பார்கள். அதே நைசும் அதே சூடும் கொடுத்தால் கசப்பு இறங்கும். அரைப்பைச் சற்றுக் கரகரப்பாக்கினால் போதும்.

எத்தியோப்பியக் கொட்டைகளில் ஒரு விசேஷம். அரைக்கும்போது மாவு போன்ற நுண்தூள் அதிகம் விழுகிறது; அது ஃபில்டர் தாளின் துளைகளை அடைத்துவிடும். மூன்று நிமிடத்தில் வடிய வேண்டியது ஐந்து நிமிடம் தேங்கி நிற்கும். மற்றக் காபிக்கு வைத்த அரைப்பை இரண்டு படி கரகரப்பாக்கி, நீரை உயரத்திலிருந்து கொட்டிக் கலக்காமல் மெதுவாக ஊற்றினால் வடியும். சுமத்ராவுக்கோ தாளே வேண்டாம் என்பேன். தாள் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் காபியின் பெருமையே எண்ணெய்தான். உலோகச் சல்லடை வைத்த ஃப்ரெஞ்ச் பிரெஸ் குடுவையில் நான்கு நிமிடம் ஊறவிட்டு இறக்கலாம்.

எஸ்பிரெசோவில் பிரேசிலும் மான்சூன் மலபாரும் அடிக்கடி வருவதற்கும் காரணம் இருக்கிறது. வடிகட்டிய காபியில் கரைந்த பொருள் ஒன்றேகால் சதவீதம் அளவு. எஸ்பிரெசோவில் அது 8, 10 சதவீதத்தைத் தொடும். அத்தனை செறிவில் கென்யப் புளிப்பு நாக்கைச் சுண்டும். புளிப்பு அடங்கிய கொட்டை அங்கே தாக்குப்பிடிக்கிறது.

நீரின் சூட்டைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அதற்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. காபியின் செறிவையும், தூளிலிருந்து எடுத்த அளவையும் சமமாக வைத்துவிட்டால் 87, 90, 93 டிகிரி நீருக்கிடையே சுவையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. சூடு என்பது கரைத்து எடுக்க ஒரு வழி, அவ்வளவுதான். சூடு குறைந்தால் அரைப்பை நைசாக்கி ஈடுகட்டலாம்.

ஈடுகட்ட முடியாதது நீரின் காரத்தன்மை. நீரில் கரைந்த பைகார்பனேட் காபியின் அமிலத்தை அடித்துவிடுகிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் இருந்தால் புளிப்பு உயிரோடு இருக்கும். 200-ஐத் தொடும் கடின நீரில் கென்யாவும் கெய்ஷாவும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிடும்; சுமத்ராவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, இழக்க அதனிடம் புளிப்பு ஏது? அப்படிப்பட்ட நீர்தான் குழாயில் வருகிறது என்றால் மலர்வாசக் காபிக்குச் செலவழிக்கும் முன் நீரைச் சரிசெய்வதே புத்திசாலித்தனம். கடின நீரோடு தாதுக்கள் நீக்கிய நீரைக் கலந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காபி விளையும் உயரத்திலேயே காபி போட்டால் இந்தக் கணக்கு இன்னொரு வகையில் மாறும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், 1,800 மீட்டர் தோட்டத்தில் நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் அடிஸ் அபாபாவில் 92. அங்கே ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்த காபியைக் கடற்கரை நகரம் ஒன்றில் மறுபடி போடும்போது நீரும் வேறு, சூடும் வேறு. பழைய அரைப்பையே வைத்துக்கொண்டு முதல் கோப்பையிலேயே அந்தக் காபிக்குத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ஒரு படி கரகரப்பாக அரைத்து இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்.